பறவை தங்குவது ஏரியில், சாப்பிடுவது எங்கள் வயலில்

மரக்கன்று ஒன்றுக்கு வருடத்துக்கு ஏழு ரூபாய். வயலில் மரம் வைத்துக் காப்பாற்றும் விவசாயிக்குத் தமிழ்நாடு அரசு தருவதாகச் சொன்ன ஊக்கத்தொகை இதுதான். பறவைக்கும் மண்ணுக்கும் நல்லது செய்கிற விவசாயிக்கு உருப்படியாகப் பணம் கொடுக்க வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன், அதை இந்த ஏழு ரூபாயிலிருந்து ஆரம்பிக்கிறேன். நீடித்த பசுமைப் போர்வை இயக்கம் என்ற பெயரில் 2021-22இல் தொடங்கினார்கள். கன்று இலவசம். வரப்பு ஓரமாக நடுவதென்றால் ஏக்கருக்கு 50, நிலத்துக்குள்ளேயே இடம் விட்டு நடுவதென்றால் ஏக்கருக்கு 160. இரண்டாவது வருடத்திலிருந்து நாலாவது வருடம் வரை, உயிரோடு நிற்கிற கன்றை எண்ணி ஒன்றுக்கு ஏழு ரூபாய் போடுவார்கள். வரப்பில் வைத்த ஐம்பதும் பிழைத்தால் வருடத்துக்கு 350 ரூபாய். எங்கள் பக்கம் நிலத்தை மா கணக்கில்தான் சொல்வோம், மூன்று மா ஒரு ஏக்கர், அப்படிப் பார்த்தால் மாவுக்கு நூற்றுச் சொச்சம். ஏக்கருக்கு வருகிற அந்த 350 ரூபாய் ஓர் ஆள் ஒரு நாள் வரப்பு வெட்டுகிற கூலிக்குக் காணாது.

கன்று கொடுப்பதைக் குறை சொல்லவில்லை. உழவன் செயலியில் பதிந்தால் கிடைக்கிறது. ஆனால் நெல் வயல் வரப்பில் மரம் நின்றால் என்ன ஆகும் என்பது சேற்றில் இறங்கியவருக்குத் தெரியும். நிழல் விழுகிற இடத்தில் கதிர் சரியாகப் பால் பிடிக்காது, பதராகப் போகும். அறுப்பு மிஷின் திரும்பும்போது கிளை இடிக்கும், டிரைவர் இறங்கி வந்து ஒரு பார்வை பார்ப்பார், வாடகை மட்டும் மணிக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். எல்லோரும் ஆசைப்பட்டுக் கேட்பது தேக்கு, தேக்குக்கோ தண்ணீர் தேங்கினால் ஆகாது, ஐப்பசி கார்த்திகையில் எங்கள் வயல் எப்படிக் கிடக்கும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த மண்ணுக்கு ஆகிற மரம் பூவரசு, நீர்மருது, புங்கன், வாதநாராயணன். முன்பெல்லாம் நாற்றங்காலுக்குத் தழை மிதிக்க இவற்றைத்தான் கழித்துப் போடுவார்கள். (இந்த நாலையும் கேட்டு வாங்குங்கள், தேக்கு மேட்டுக் கொல்லைக்கு மட்டும்.) ஆக, மரம் வைக்கிறவருக்கு நெல்லில் கொஞ்சம் போகிறது, மிஷின் வாடகையில் கொஞ்சம் போகிறது, அதற்கு ஈடாக 350 ரூபாய் வருகிறது. மரத்தின் மேல் பிரியம் உள்ளவர் பணம் வராவிட்டாலும் வைப்பார். பிரியம் இல்லாதவரை இந்தப் பணம் ஓர் அங்குலம்கூட நகர்த்தாது.

அரசிடம் பணமில்லை என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். 2024இல் மேட்டூரில் தண்ணீர் இல்லை, வழக்கமான ஜூன் 12 தள்ளிப்போய் ஜூலை கடைசியில்தான் அணை திறந்தார்கள். அந்த வருடம் டெல்டா குறுவைக்கு என்று 78.67 கோடி ரூபாயில் ஒரு சிறப்புத் தொகுப்பு அறிவித்தார்கள். அதில் பாதிக்கு மேல் இயந்திர நடவுக்கு, ஏக்கருக்கு 4,000 ரூபாய், பின்னேற்பு மானியமாக. அதாவது இன்ன வேலையை இன்ன முறையில் செய், வந்து பார்த்துவிட்டு ஏக்கருக்கு இவ்வளவு என்று உன் கணக்கில் போடுகிறேன் என்று சொல்ல நம் வேளாண்மைத் துறைக்குத் தெரியும். செய்தும் காட்டியிருக்கிறார்கள். பஞ்சாபில் நடவுக்குப் பதிலாக நேரடி விதைப்பு செய்தால் ஏக்கருக்கு 1,500 ரூபாய் என்று 2022இல் அறிவித்தார்கள், நிலத்தடி நீரை மிச்சம் பிடிக்க. ஹரியானாவில் நெல்லை விட்டு வேறு பயிருக்கு மாறினால் ஏக்கருக்கு 7,000 என்று 2020இலேயே ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் நிலத்தை நல்லபடி வைத்திருக்கிறவருக்கு ஏக்கர் கணக்கில் பணம் கொடுப்பது வெள்ளைக்காரன் நாட்டு யோசனை, நம் ஊருக்கு ஒத்துவராது என்கிற பேச்சு எடுபடாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வடுவூர் ஏரி தஞ்சாவூர் மன்னார்குடி சாலையில் போகிறவர்களுக்கெல்லாம் தெரியும். அங்கிருந்து தெற்கே, முத்துப்பேட்டைப் பக்கம் உதயமார்த்தாண்டபுரம். இரண்டும் பறவைகள் சரணாலயம், இரண்டுக்கும் 2022இல் ராம்சர் தகுதி, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்கிற அங்கீகாரம், கிடைத்தது. கோடியக்கரைக்கு அது 2002லேயே வந்துவிட்டது, தமிழ்நாட்டில் முதலாவது. பேப்பரில் படம் போட்டார்கள், எங்களுக்கும் பெருமைதான். ஆனால் இந்த ஏரிகள் இரண்டும் பாசன ஏரிகள். காவிரித் தண்ணீரும் ஐப்பசி மழையும் வந்தால்தான் ஏரி, ஏரி இருந்தால்தான் பறவை. வருகிற பறவை ஏரிக்குள் மரத்தில் கூடு கட்டுகிறது, இரவு தங்குகிறது. விடிந்ததும் எங்கே போகிறது? ஏரியைச் சுற்றி இருக்கிற ஊர்களின் சம்பா வயலுக்கு.

நத்தைகுத்தி நாரையைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? அலகு இரண்டும் நடுவில் ஒட்டாது, ஓர் இடைவெளி தெரியும், பாக்குவெட்டியைப் பாதி மூடிப் பிடித்த மாதிரி. நட்டு ஒரு மாதம் ஆன பயிருக்குள் காலை மெதுவாகத் தூக்கித் தூக்கி வைத்து வரும். சேற்றுக்குள் அலகை விட்டுத் துழாவி நத்தையை இழுக்கும், ஓட்டை உடைக்காமல் உள்ளே இருக்கிறதை மட்டும் உருவி எடுத்துவிட்டு வெறும் ஓட்டை அங்கேயே போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகும். வரப்போரமாக நடந்தால் அந்த ஓடுகள் காலில் படும். கூடவே நாலு உண்ணிக்கொக்கு, கொஞ்சம் தள்ளி ஓர் அரிவாள் மூக்கன் கூட்டம், வாய்க்கால் ஓரத்தில் தூங்குகிற மாதிரி நின்றுகொண்டு தவளையைக் குறி வைக்கிற மடையான். இத்தனை பேருக்கும் சாப்பாடு போடுவது வனத்துறை அல்ல, நாங்கள். ஏரிக்கரையோடு சரணாலயம் முடிந்துவிடுகிறது, சரணாலயத்துக்கு ஒதுக்குகிற பணமும் கரையைத் தாண்டி வருவதில்லை.

அந்த வயலில் நாங்கள் என்ன போடுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அந்த நாரையின் குஞ்சு பிழைக்கும். குருத்துப்பூச்சிக்குக் குருணை மருந்து போடுவது இங்கே சர்வ சாதாரணம். கார்போபியூரான் குருணை பறவைக்கு எமன் என்பது உலகம் அறிந்த விஷயம், அமெரிக்காவிலேயே அந்தக் குருணையை 1990களில் பெரும்பாலான பயிர்களில் நிறுத்திவிட்டார்கள். மருந்து போடாதே என்று விவசாயியிடம் சும்மா சொன்னால் கேட்பாரா? மாவுக்கு ஒரு மூட்டை குறைந்தால் யார் கொடுப்பது? ஏரியைச் சுற்றி நாலைந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் வயல்களுக்கு, கூடு கட்டும் மாதங்களில் குருணை போடாமல் இருந்தால் மாவுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் போட்டால் கேட்பார். நானே முதலில் கையெழுத்துப் போடுவேன்.

இந்த எண்ணம் எனக்கு எப்படி வந்தது என்றால், அத்தை மகன் ஒருவன் கலிபோர்னியாவில் சேக்ரமென்டோ பக்கம் இருக்கிறான். கம்ப்யூட்டர் வேலை, ஆனாலும் நெல் வயலைப் பார்த்தால் காரை நிறுத்தி இறங்கிவிடுவான், ரத்தம் அப்படி. போன குளிர்காலத்தில் ஒரு படம் அனுப்பினான், அறுத்த வயல் முழுக்கத் தண்ணீர், கண்ணுக்கு எட்டின தூரம் வாத்தும் நாரையும். "மச்சான், இங்க வயல்ல சும்மா தண்ணி கட்டி வெச்சா காசு தர்றான்யா" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ். நான் நம்பவில்லை. அப்புறம் உட்கார்ந்து படித்துப் பார்த்தால் நிஜம்தான்.

அங்கே முன்பு அறுவடை முடிந்ததும் வைக்கோலைக் கொளுத்துவார்களாம். புகை தாங்காமல் 1991இல் ஒரு சட்டம் போட்டுக் கொளுத்துவதைப் படிப்படியாகக் குறைத்தார்கள். கொளுத்த முடியாதவர்கள் வைக்கோல் மக்கட்டும் என்று வயலில் தண்ணீர் கட்ட ஆரம்பித்தார்கள், தண்ணீரைப் பார்த்துப் பறவை வந்து இறங்கியது. வடக்கே இருந்து வலசை வருகிற பறவைகளுக்கு அந்தப் பள்ளத்தாக்கில் இருந்த சதுப்பு நிலமெல்லாம் பெரும்பாலும் எப்போதோ வயலாகிவிட்டது, ஆகவே வயல்தான் அவற்றுக்கு மிச்சம். 2014இல் நேச்சர் கன்சர்வன்சி என்கிற அமைப்பு பேர்ட் ரிட்டர்ன்ஸ் என்று ஒரு திட்டம் ஆரம்பித்தது, இது அரசாங்கம் இல்லை, தனியார் அறக்கட்டளை. விவசாயிகளிடம் ஏலம் விடுகிறார்கள், ஆனால் தலைகீழ் ஏலம்: உன் வயலில் நாலு முதல் எட்டு வாரம் சில அங்குலம் தண்ணீர் நிறுத்தி வைக்க என்ன விலை கேட்பாய் என்று விவசாயியே எழுதிக் கொடுக்க வேண்டும், பறவைக்கு நல்ல இடமாகவும் விலை குறைவாகவும் இருக்கிறதை எடுத்துக்கொள்வார்கள். நிலத்தை வாங்கவில்லை, பயிரை நிறுத்தச் சொல்லவில்லை, பறவை வருகிற வாரங்களுக்கு மட்டும் வயலை வாடகைக்கு எடுக்கிறார்கள்.

அரசாங்கத்தின் பங்கு இதைவிடப் பழையது, பெரியது. 1930களில் அந்த நாட்டின் நடுப்பகுதியில் புல்வெளியையெல்லாம் உழுது போட்டுவிட்டு மழை பொய்த்தபோது மேல் மண் புழுதியாகக் கிளம்பி ஊர் ஊராக மூடியது. அந்த அடியில்தான் 1935இல் மண் பாதுகாப்புக்கென்று தனித் துறை வந்தது. 1985இல் சட்டம் போட்டு சி.ஆர்.பி. என்கிற திட்டம் கொண்டுவந்தார்கள். எளிதில் அரித்துப் போகிற நிலத்தில் பயிர் வைக்காமல் புல்லோ மரமோ வளர்த்து வைத்திருக்க 10 முதல் 15 வருட ஒப்பந்தம், வருடா வருடம் வாடகை. அந்தந்த வட்டாரத்து மண்ணையும் குத்தகை விலையையும் பார்த்துத்தான் வாடகையைப் பேசுகிறார்கள், நாடு முழுக்க ஒரே ஏழு ரூபாய் கிடையாது. விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் போடுகிறார்கள், பறவைக்கும் விலங்குக்கும் எவ்வளவு உதவும், தண்ணீர் எவ்வளவு சுத்தமாகும், மண் எவ்வளவு தங்கும் என்றெல்லாம். பயிர் வைத்துக்கொண்டே நல்ல முறைக்கு மாறுகிறவருக்கு இக்விப் என்று இன்னொன்று, 1996இலிருந்து. செலவில் முக்கால் பங்கு வரை அரசு ஏற்கும், புதிதாக வந்த விவசாயி, வசதி குறைந்த விவசாயி என்றால் 90 சதவீதம் வரை. அவர்களுக்குப் பாதிப் பணத்தை முன்பணமாகவே வாங்கிக்கொள்ளவும் வழி இருக்கிறது. இங்கே பின்னேற்பு மானியம் என்றால் முதலில் நீ கடன் வாங்கிச் செலவு செய், அப்புறம் பார்க்கலாம் என்பது. நகையைக் கூட்டுறவு சங்கத்தில் வைத்தவருக்கு இந்த வித்தியாசம் புரியும்.

அந்த இக்விப் பணத்தில் பாதி கால்நடை வளர்ப்புக்குப் போக வேண்டும், ஒரு பத்து சதவீதம் காட்டுயிர் வாழிடத்துக்குப் போக வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பெரிய மேய்ச்சல் நிலக்காரர்கள் மாட்டை ஒரே இடத்தில் விடாமல் இன்று இங்கே, அடுத்த வாரம் அங்கே என்று மாற்றி மேய்க்க வேலி போட, தண்ணீர்த் தொட்டி கட்ட உதவி. அங்கே புல்வெளியில் வாழும் ஒரு காட்டுக்கோழி இனம் தாழப் பறந்து முள்கம்பியில் மோதிச் செத்துவிடுகிறதாம், கம்பி கண்ணுக்குத் தெரியும்படி அதில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் துண்டு மாட்டுகிறார்கள். அதற்கும் திட்டத்தில் காசு உண்டு. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் கொஞ்சம் பொறாமையும் வந்தது.

சொர்க்கம் ஒன்றும் இல்லை அங்கே. 2007இல் சி.ஆர்.பி.யில் மூன்றரைக் கோடி ஏக்கருக்கு மேல் இருந்தது. மக்காச்சோளத்தில் எத்தனால் எடுக்க ஆரம்பித்து விலை ஏறியதும், ஒப்பந்தம் முடிந்த நிலத்தையெல்லாம் திரும்ப உழுதுவிட்டார்கள், சில வருடங்களில் ஒரு கோடி ஏக்கருக்கு மேல் வெளியே போய்விட்டது. பத்து வருடம் வளர்ந்த புல் ஒரே உழவில் போயிற்று. பெரிய பண்ணைக்காரர்களே பணத்தை அள்ளுகிறார்கள் என்ற குறையும் அங்கே உண்டு, விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கிறவர் எண்ணிக்கையும் அதிகம். 2025 தொடக்கத்தில் ஆட்சி மாறியதும் பாதுகாப்புத் திட்டங்களில் ஒரு பகுதிப் பணத்தை நிறுத்தி வைத்தார்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு வேலையும் முடித்தவர்கள் பணத்துக்காகக் காத்துக் கிடந்தார்கள். அத்தை மகனிடம் சொன்னேன், "பரவால்ல மாப்ள, இந்த ஒரு விஷயத்துல ரெண்டு ஊரும் ஒண்ணுதான்."

சரி, கலிபோர்னியா மாதிரி நாமும் அறுத்த வயலில் தண்ணீர் கட்டினால் என்ன? கட்ட முடியாது. அங்கே ஒரு போகம், அறுத்தால் அடுத்த வசந்தம் வரை வயல் சும்மா கிடக்கும். இங்கே தை மாதம் சம்பா அறுக்கிறதற்கு முன்னாலேயே, நிற்கிற பயிருக்குள் மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது உளுந்தும் பயறும் தெளித்துவிடுவோம். அறுத்த தாளுக்கு நடுவில் பனி ஈரத்திலேயே அது வந்துவிடும், நெல்லில் விட்டதை உளுந்தில் பிடிக்கிறவர்கள் பாதிப் பேர். அங்கே போய்த் தண்ணீர் நிறுத்து என்றால் அடிக்க வருவார்கள். ஆகவே அவர்கள் திட்டத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வருவதில் பிரயோசனம் இல்லை. அவர்கள் செய்த கணக்கைத்தான் நாம் செய்ய வேண்டும்: பறவை எந்த மாதம் வருகிறது, அந்த மாதத்தில் வயலில் என்ன இருக்கிறது, அதில் எதைச் செய்யாமல் இருந்தால் அல்லது எதை விட்டு வைத்தால் போதும், அதற்கு விவசாயிக்கு என்ன நஷ்டம்.

மேட்டூர் திறக்காத வருடங்களில் ஆற்றுப் பாசனத்தை மட்டும் நம்பிய வயல் குறுவை இல்லாமல் ஆடி ஆவணி வரை காய்ந்து கிடக்கும். அந்த இடைவெளியில் தக்கைப்பூண்டு (வளர்த்து அப்படியே மடக்கி உழுகிற பசுந்தாள் உரச் செடி) தெளித்தால் மண்ணுக்கும் நல்லது, பூச்சி, தும்பி, சின்னப் பறவை என்று வயலே உயிரோடு இருக்கும். முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம் திட்டத்தில் 2024-25இலிருந்து பசுந்தாள் விதை கொடுக்கிறார்கள், நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் தக்கைப்பூண்டுக்கு நாற்பது நாற்பத்தைந்து நாள் வேண்டும், பூ எடுக்கிற நேரத்தில் மடக்கி உழ வேண்டும். ஒரு வருடம் எங்கள் பக்கத்து டெப்போவுக்கு விதை வந்து சேர்ந்தபோது வாய்க்காலில் தண்ணீர் வந்து நாற்றங்காலுக்கு உழுதுகொண்டிருந்தோம். விதை மூட்டை வாங்கி வந்த பலர் வீட்டுத் திண்ணையிலேயே வைத்துவிட்டார்கள். இதில் இன்னொரு வேடிக்கை, 2021, 2022 குறுவைத் தொகுப்புகளில் யூரியாவும் டி.ஏ.பி.யும் பொட்டாஷும் முழு மானியத்தில் வந்தன. ஒரு கையால் யூரியா மூட்டை இலவசம், இன்னொரு கையால் யூரியாவைக் குறைக்கத் தழை விதை. இரண்டில் எது நேரத்துக்கு வந்தது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கால்நடை விஷயத்தில் நாம் அமெரிக்காவிடம் படிக்க ஒன்றுமில்லை என்பேன். பங்குனி சித்திரையில் ராமநாதபுரம் பக்கமிருந்து கீதாரிகள் ஆட்டுக்கிடையோடு வருவார்கள், உளுந்து எடுத்த வயலில் ராத்திரி கிடை போடுவார்கள். எத்தனை ஆடு, எத்தனை ராத்திரி என்று கணக்குப் பண்ணி நெல்லாகவோ பணமாகவோ கொடுப்போம். புழுக்கையும் மூத்திரமும் விழுந்த வயல் அடுத்த சம்பாவில் பச்சை கட்டி நிற்கிறதைத் தூரத்திலிருந்தே சொல்லலாம். மண்ணை நல்லபடி வைத்திருக்கிறவருக்குப் பணம் கொடுப்பது என்பதை எந்த அரசாணையும் இல்லாமல் நாம் தலைமுறைகளாகச் செய்துகொண்டுதான் இருக்கிறோம். ஆனால் கிடைக்கு வரும் கீதாரிகளுக்கு மேய்ச்சல் தரை வரவரக் குறைகிறது, வழியெல்லாம் மனைப் பிரிவு, ஆட்டுக்கு வியாதி வந்தால் ஊர் பேர் தெரியாத இடத்தில் மருத்துவரைத் தேட வேண்டும். டெல்டாவில் கிடை போடும் விவசாயிக்கு மாவுக்கு ஒரு தொகை, வருகிற கிடைக்கு வழியிலேயே தடுப்பூசி, இவ்வளவு செய்தால் போதும். இயந்திர நடவுக்குக் கொடுக்க முடிந்த துறைக்கு இதைச் செய்வது பெரிய காரியமா?

எலிக்கும் இப்படித்தான். தஞ்சாவூர் கிட்டி என்று மூங்கிலில் வில் மாதிரி வளைத்துச் செய்கிற பொறி நம்முடையது, அதை வைக்கத் தெரிந்த ஆள்தான் இப்போது குறைவு. வயலில் பறவைத் தாங்கிக் குச்சி நட்டால் ராத்திரி கூகை வந்து உட்காரும், கூகைக்கு எலியைத் தவிர வேறு பெரிய வேலை இல்லை. கூகை தங்க ஒரு பொந்துள்ள கிழ மரமோ மொட்டைப் பனையோ வேண்டும். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது, சரிதான். அந்த மொட்டைப் பனையை வெட்டாமல் விட்டு வைத்தவருக்கு என்ன? ஒன்றுமில்லை. அது நெல்லுக்கும் இடைஞ்சல், செங்கல் சூளைக்காரர் விலை கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

கடைமடையில் கணக்கு இன்னும் கஷ்டம். வேதாரண்யம், தலைஞாயிறு, முத்துப்பேட்டைப் பக்கம் உப்பு ஏறிய நிலத்தில் நெல் விளையாவிட்டால் அடுத்த யோசனை இறால் பண்ணைதான். காந்தியவாதி ஜெகந்நாதன் ஐயா உச்ச நீதிமன்றம் வரை போய் 1996இல் தீர்ப்பு வாங்கினார், கடற்கரை ஓரத்து இறால் பண்ணைகளுக்கு எதிராக. அதன் பிறகும் இறால் குத்தகை நெல் குத்தகையைவிட அதிகம் என்கிற உண்மை அப்படியேதான் இருக்கிறது. டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக 2020இல் சட்டம் போட்டு அறிவித்தார்கள், எண்ணெய்க் கிணறுகள் புதிதாக வராமல் தடுக்க அது உதவியாக இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் இன்னதைச் செய்யாதே என்றுதான் சொல்கிறது. செய்யாமல் இருக்கிறவன் எதைச் சாப்பிடுவான் என்பதற்கு அதில் பதில் இல்லை. பூநாரையும் உள்ளானும் இறங்குகிற அந்த உவர் நிலத்துக்கு இறால்காரர் கொடுக்கிற தொகையில் பாதியாவது வாழிட வாடகையாக வந்தால் கொஞ்சம் பேராவது யோசிப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தபோது எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், எனக்குப் பெரியப்பா முறை, கோயில் நிலத்தில் அப்பா காலத்திலிருந்து சாகுபடி செய்கிறவர், எல்லாம் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "காசு யாரு கணக்குல விழும் தம்பி?"

அங்கேதான் எல்லாத் திட்டமும் இடிக்கிறது. டெல்டாவில் கோயில் நிலம், மடத்து நிலம், பட்டணத்தில் இருக்கிறவர் நிலம் எவ்வளவு என்று நமக்குத் தெரியும். வயலில் நிற்கிறவர் வேறு, பட்டாவில் இருக்கிறவர் வேறு. பி.எம். கிசான் 6,000 ரூபாய் பட்டாக்காரருக்குத்தான் போகிறது. இப்போது முகாம் போட்டு எடுக்கிற விவசாயி தனித்துவ அடையாள எண்ணும் பட்டாவை வைத்துத்தான். குத்தகைப் பதிவுக்கு 1969இலேயே சட்டம் இருக்கிறது, பதிந்தவர் உண்டு, ஆனால் வாய்மொழிக் குத்தகைதான் ஏராளம், பதியச் சொன்னால் அடுத்த வருடம் நிலம் கை மாறிவிடும் என்கிற பயம். இந்த நிலையில் பறவைக்காக மாவுக்கு இவ்வளவு என்று அரசு நாளைக்கே அறிவித்தாலும், குருணை போடாமல் நஷ்டப்படுகிறவர் பெரியப்பா, பணம் வாங்குகிறவர் வேறொருவர். அமெரிக்காவில் சி.ஆர்.பி.யில் சேருகிறதற்காகக் குத்தகைக்காரரை வெளியேற்றக் கூடாது, பங்கு கொடுக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். அதுமாதிரி இங்கே புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பயிர்க் காப்பீட்டுக்குக் குத்தகை விவசாயியும் பதியலாம், வி.ஏ.ஓ. கொடுக்கிற அடங்கலை (எந்த வயலில் என்ன சாகுபடி என்கிற கணக்கு), விதைப்புச் சான்றை வைத்து. அதே காகிதத்தை ஊக்கத்தொகைக்கும் ஏற்றுக்கொண்டால் முடிந்தது.

அடுத்த மாதம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கிற விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் இதை மனுவாகக் கொடுக்கலாம் என்று நாலைந்து பேர் பேசி வைத்திருக்கிறோம். வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் சுற்று வட்டார வயலுக்குக் குருணை ஒப்பந்தம், கிடைக்குத் தொகை, பணம் அடங்கலில் உள்ள சாகுபடிதாரர் கணக்குக்கு, இந்த மூன்று மட்டும்தான் மனுவில். நீண்ட மனுவை யாரும் படிப்பதில்லை. உங்கள் பக்கத்தில் குத்தகைக்காரர் யாராவது பட்டா இல்லாமல் ஏதாவது ஒரு மானியம் வாங்கியிருந்தால், எந்தக் காகிதத்தைக் காட்டி வாங்கினார் என்று எழுதுங்கள், நகல் எடுத்து மனுவோடு சேர்த்துவிடுகிறோம்.